சிரித்தவர் யார்?

நகைச்சுவை நல்ல மருந்து என்பர். நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த மருந்து எவருக்கு இனிக்கிறது, எவருக்குக் கசக்கிறது என்று ஆராயாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. ஏய்ப்பவனைப் பார்த்து ஏழை சிரித்தால் அது எழுச்சி. வீழ்ந்தவனைப் பார்த்து வலியவன் சிரித்தால் அது கொடுமை. இரண்டும் சிரிப்புத்தானே என்று தள்ளிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு விளக்கமாக நிற்கிறது, அமெரிக்க நாட்டு நகைச்சுவைப் பேச்சாளர் டேவ் சப்பேலின் வாழ்க்கை.

1973-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் பிறந்த கருப்பினத்தவர் அவர். 2003-இல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். முதல் நாளிலேயே ஒரு காட்சி: பிறவியிலேயே பார்வையற்ற கருப்பர் ஒருவர், தாம் கருப்பர் என்பதையே அறியாமல், வெள்ளையரே உயர்ந்தோர் என்று நூல் எழுதுகிறார், மேடையேறி முழங்குகிறார்! நிறத்தையே காணாதவர் நிறவெறி பேசுகிறார். நிறவெறி எத்துணை மடமை என்பதை இதனினும் எளிதாக எவர் காட்ட முடியும்?

புகழ் வந்தது, பொருளும் வந்தது. ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் என்று ஏடுகள் எழுதின. ஆனால் 2005-இல், மூன்றாம் தொடர் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், அனைத்தையும் உதறிவிட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். சித்தம் கலங்கிவிட்டது என்றனர் சிலர். அவர் பின்னர் சொன்ன காரணமோ வேறு. கருப்பரை இழிவுபடுத்தும் பழைய வழக்கத்தைச் சாடுவதற்காக, முகத்தில் கரி பூசிக் குட்டிக் குறளியாக அவர் நடித்தார். படப்பிடிப்பில் இருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சை உறுத்தியது. இழிவைச் சாடியதற்கான சிரிப்பா, இழிவையே சுவைத்த சிரிப்பா என்ற ஐயம் பிறந்தது.

நோக்கம் தூயதாக இருந்தால் மட்டும் போதாது, விளைவையும் எண்ணவேண்டும் என்று உணர்ந்த கலைஞனை நாம் பாராட்டுகிறோம்.

ஆண்டுகள் உருண்டன. 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அவருடைய ‘தி குளோசர்’ நிகழ்ச்சியை வெளியிட்டது. திருநங்கையரைப் பற்றிய கேலி அதில் நிறைந்திருந்தது. அக்டோபர் 20 அன்று அந்நிறுவனத்தின் ஊழியர் பலர் வெளிநடப்புச் செய்தனர். அவர்கள் கேட்டது என்ன? 2005-இல் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட அதே கேள்வியைத்தான்! எங்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பு எத்தகையது என்றனர்.

கருப்பருக்குக் கிட்டாத முன்னேற்றம் அவர்களுக்கு விரைந்து கிட்டிவிட்டது என்பது அந்நிகழ்ச்சியில் அவர் வைத்த வாதம். கருப்பினத்தில் திருநங்கையர் இல்லையா? ஓர் உடலில் இரு காயம் சுமப்போர், எந்தப் பக்கம் நிற்பது? ஒடுக்கப்பட்டோர் இருவரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு நிறுத்தினால், ஒடுக்கியவனுக்கன்றோ ஓய்வு கிடைக்கிறது!

அப்படியானால் அவர் வாயை அடைத்துவிடலாமா? கூடாது என்போம். லென்னி புரூஸ் என்ற நகைச்சுவையாளரை, ஆபாசம் பேசினார் என்று 1964-இல் நியூயார்க் நீதிமன்றம் தண்டித்தது. 1966-இல் அவர் மாண்டார். மன்னிப்பு வந்ததோ 2003-இல்! சட்டம் சிரிப்பைச் சிறைப்பிடித்தால் நேரும் அலங்கோலம் அது. 2022-இல் சப்பேலை மேடையிலேயே ஒருவர் தாக்கினாரே, அதுவும் காட்டுமிராண்டித்தனமே.

ஆனால், “எனக்கு வலிக்கிறது” என்று ஒருவர் சொல்வது வாயடைப்பு ஆகாது. அந்நிகழ்ச்சி நீக்கப்படவில்லை, 2023-இல் கிராமி விருதும் பெற்றது. பேசும் உரிமை அவரிடம் பத்திரமாகவே இருக்கிறது. மறுத்துப் பேசும் உரிமை மற்றவர்க்கும் வேண்டும் என்கிறோம். தம்மைக் குறித்த சிரிப்பின் பொருளை ஒரே நொடியில் உணர்ந்த செவி, பிறரைக் குறித்த சிரிப்பையும் கேட்கவேண்டும். நகைச்சுவையாளரிடம் நாம் வேண்டுவது அமைதியை அன்று, அந்தச் செவியைத்தான்.