எண்ணிப் பார்த்தவனுக்கே குறை தெரியும்



இந்த ஞாயிறு சிறுவர் விளையாடும் ஒரு பொருளைப்பற்றிச் சொல்லப்போகிறேன். கோவில் பத்திரிகையில் பொம்மைக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். வலையையும் விதையையும் புளித்த மாவையும் காட்டிப் பரலோக இராச்சியத்தை விளக்கின நம் ஆண்டவர், நம் வீட்டுத் தரையில் சிதறிக்கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டையை நாம் கையிலெடுத்தால் கோபித்துக்கொள்ளமாட்டார்.

லேகோ என்னும் கட்டைகளை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். டென்மார்க் தேசத்தில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949-ல் அவருடைய பட்டறையிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. மேலே குமிழும் உள்ளே குழாயுமாக, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ந் தேதி காப்புரிமை கோரப்பட்டது. அந்த அமைப்பில் அன்று வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடு பொருந்தும். அச்சின் அளவில் தலைமயிரின் பருமன்கூடப் பிசகு வராமல் காத்துவருவதே அதற்குக் காரணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினவர்களுக்கு அதன் அருமை தெரியும். அளவு தப்பின போல்ட் எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும் நட்டில் ஏறாது.

இக்கட்டைகள் பெட்டி பெட்டியாக வருகின்றன. ஒரு பெட்டியில் ஒரு வீடு. இன்னொன்றில் ஒரு கப்பல். ஆனால் எந்தப் பெட்டியும் என்றைக்கும் விற்கப்படுவதில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிடுகிறது. அந்தப் பெட்டி ‘ரிட்டயர்’ ஆகிவிட்டது என்றே சொல்லுகிறார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

உதாரணமாக, 2008-ல் மூன்று மாடியுள்ள ஒரு காய்கறிக் கடைக் கட்டடம் 2,352 துண்டுகளோடு வெளிவந்து, பின்பு நிறுத்தப்பட்டது. இப்போது அதைத் திறக்காத பெட்டியாக வாங்கப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். நம் நாட்டிலோ 2020-ல் பொம்மைகளின் இறக்குமதி வரி நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆக உயர்ந்தது. சம்பளக்காரன் வீட்டில் இது கைக்கெட்டாத காரியம். ஆகையால் சிலர் வேறொரு வழி கண்டார்கள். பெட்டியை வாங்குவதில்லை, அதிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, அந்தக் கட்டடத்தை மறுபடியும் எழுப்புகிறார்கள். புதுப்பேட்டையில் கடை கடையாய் ஏறியிறங்கி, உதிரிப் பாகங்கள் சேர்த்துப் பழைய மோட்டார் சைக்கிளுக்கு உயிர் கொடுக்கிறவர்களைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனியுங்கள். முதலாவது, கட்டும் முறையைக் காட்டும் படப்புத்தகத்தை எடுக்கிறார்கள். படம் இல்லாமல் துண்டுகள் மட்டும் இருந்து பயனில்லை. எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாய்ப் பொருத்தலாம் என்று டென்மார்க்கில் ஒரு கணிதப் பேராசிரியர் கணக்கிட்டிருக்கிறார். அத்தனை விதத்தில் நமக்கு வேண்டியது எது என்று சொல்வது படம் ஒன்றே.

இரண்டாவது, பட்டியல் எழுதுகிறார்கள். எந்தத் துண்டு, எந்த நிறம், எத்தனை. கைவசம் எத்தனை, குறைவது எத்தனை. கட்டையின் உள்ளே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எட்டுக் குமிழ்க் கட்டைக்கு எண் 3001. மூன்றாவது, தேடுகிறார்கள். வீட்டுப் பரண், வளர்ந்துவிட்ட உறவுக்காரப் பிள்ளைகளின் பெட்டி, கடைசியில் உலகமெங்குமுள்ள சிறு வியாபாரிகள். இதற்கென்றே டான் யெசெக் என்ற வாலிபர் 2000-ல் இணையத்தில் பிரிக்லிங்க் என்ற சந்தையைத் தொடங்கினார். 2010-ல் இளவயதிலேயே அவர் இறந்துபோக, அவருடைய தாயார் அதை மூடிவிடாமல் நடத்திவந்தார். பின்பு கைமாறி, 2019-ல் லேகோ கம்பெனியே அதை வாங்கிற்று. அங்கே ஒரு கடையில் பத்துத் துண்டு, மற்றொரு கடையில் நான்கு என்று பொறுக்கி வாங்குகிறார்கள். சில வேளை துண்டின் விலையைவிடத் தபால் கூலி அதிகம். அப்படியும் வாங்குகிறார்கள்.

இதில் நமக்குரிய ஞானப் பொருள் என்ன?

நிறுத்தப்பட்டது பெட்டிதான், துண்டுகள் அழிந்துபோகவில்லை. அவை எங்கெங்கோ சிதறி, யார் வீட்டிலோ ஒரு மூலையில், பொருந்தும் சக்தி குன்றாமல் கிடக்கின்றன. நம் குடும்பங்களைப் பாருங்கள். பாகப் பிரிவினையில் அண்ணனும் தம்பியும் முறித்துக்கொண்டார்கள். தகப்பனார் மரணப் படுக்கையில் கிடந்தபோது ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை. “அந்த வீடு முடிந்துபோயிற்று சுவாமி” என்கிறார்கள். முடிந்துபோகவில்லை. ஒரே தாய் வயிற்றில் வார்க்கப்பட்டவர்கள், ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் முழுக்காட்டப்பட்டவர்கள். சர்வேசுரன் வைத்த அச்சு, டென்மார்க் தச்சர் வீட்டு அச்சைவிட எளிதில் பிசகிப்போகுமா?

அடுத்தது, குறைவது எது என்று அறிய எண்ண வேண்டும். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்து மேய்ப்பனை நினையுங்கள். தொண்ணூற்றொன்பது ஆடும் பார்வைக்குக் கூட்டமாய்த்தான் தெரியும். எண்ணினதால்தான் ஒன்று இல்லையென்று கண்டான். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஸ்திரீயும் எண்ணினதால்தான் விளக்கேற்றித் துடைப்பத்தை எடுத்தாள். நாம் எண்ணுவதில்லை. கோவில் நிறைந்திருக்கிறது, திருநாள் சப்பரம் நன்றாய் நடந்தது என்று திருப்தியடைகிறோம். போன வருஷம் உங்கள் பெஞ்சில் உங்கள் பக்கத்திலிருந்து பூசை கண்டவர் இன்று எங்கே? வேலை போனபின் வெட்கப்பட்டு வராமலிருக்கிறாரா? கலியாணக் காரியத்தில் மனம் முறிந்தாரா? படுத்த படுக்கையாயிருக்கிறாரா? கூட்டத்தை நேசிப்பது சுலபம். பெயரும் முகமும் உள்ள ஒருவர் இல்லையென்று உணர்வதே தேவ சிநேகம்.

மேலும், ஒன்றிருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. அந்தக் காய்கறிக் கடையின் சுவர் ஒருவித மங்கின பச்சை. அந்த நிறத் துண்டுகள் கிடைப்பது அரிது. வேறு நிறம் வைத்தாலும் சுவர் நிற்கும். ஆனால் அது அந்த வீடு அல்ல. போன மகனுடைய இடத்தை இருக்கிற மகன் நிரப்பமாட்டான் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும்.

கிடைக்கும் துண்டு புதிதாயிராது என்பதும் உண்மை. வெள்ளைக் கட்டை பல ஆண்டு வெயில் பட்டால் மஞ்சளித்துப்போகும். அதை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, மறுபடியும் வெயிலிலே வைத்து வெளுப்பாக்குகிறார்கள். எந்த வெயில் கறைப்படுத்திற்றோ, அந்த வெயிலே கறை நீக்கவும் உதவுகிறது. திரும்பி வருகிறவரும் நிறம் மாறித்தான் வருவார். பேச்சில் கசப்பிருக்கும், நடையில் தயக்கமிருக்கும். காயம் பட்டது எந்த வீட்டிலோ அந்த வீட்டின் வாசலிலேதான் அது ஆற வேண்டும். “இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?” என்ற கேள்வி மருந்தாகாது. “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள்.

ஆனால், அன்பானவர்களே, இவ்வுவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. விரிசல் விட்ட கட்டைக்குப் பிடிப்பு இராது. கட்டுகிறவர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சர்வேசுரன் அப்படி ஒதுக்குவதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டி விரிசல் விட்டவர்களுக்காகவே அல்லவா இருக்கிறது? இன்னொன்று: கட்டையை விலை கொடுத்து வாங்கலாம், மனுஷனை வாங்க முடியாது. அவன் மனம் அவனுடையது. நாம் போய்க் கேட்கலாம், காத்திருக்கலாம், ஜெபிக்கலாம். கதவு திறக்காமலும் போகலாம். ஆயினும் அவனுக்குரிய இடத்தை நிரப்பிவிடாமல் வைத்திருப்பது நம் கையிலிருக்கிறது.

ஐந்து காய அர்ச். பிரான்சிஸ்கு அசீசியார், 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இடிந்துகிடந்த அர்ச். தமியான் கோவிலைப் புதுப்பிக்கப் புறப்பட்டபோது கையில் பொருளில்லை. அசீசிப் பட்டணத்துத் தெருக்களில் நின்று கல்லைப் பிச்சையாய்க் கேட்டார். பணக்கார வியாபாரியின் மகன் கல் சுமப்பதைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு. ஒவ்வொரு கல்லாகத்தான் அந்தக் கோவில் எழும்பிற்று.

ஆகையால் இந்த வாரம் நீங்கள் செய்யவேண்டிய காரியம் சிறிது. இன்றிரவு குடும்ப ஜெபமாலைக்கு முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், நம் கோவில் பெஞ்சில் இல்லாமற்போன ஒருவருடைய பெயரை எழுதுங்கள். பத்துப் பெயர் வேண்டாம், ஒன்று போதும். அடுத்த ஞாயிறுக்குள் அவரைப் போய்ப் பாருங்கள். தூரதேசத்தில் இருந்தால் போனில் கூப்பிடுங்கள். தபால் கூலி பொருளின் விலையைவிட அதிகமாகலாம். உங்கள் கௌரவம் கொஞ்சம் செலவாகலாம். சேசுநாதர் சுவாமி நம் ஒவ்வொருவருக்காகவும் கொடுத்த கிரயத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

அப்பங்களைப் பலுகச் செய்து ஐயாயிரம் பேரைப் போஷித்தபின்பும், மீந்த துணிக்கைகள் வீணாகாதபடி பொறுக்கச் சொன்ன ஆண்டவர், உங்கள் வீட்டில் சிதறிப்போனதைச் சேர்க்க உங்களுக்குப் பொறுமையும் தாழ்ச்சியும் தந்தருளுவாராக.

ஆமென்.

— உங்கள் பங்குக் குரு