இயங்காத கணினியும் அளவை நூலும்

திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகத்தில் மேசைக் கணினி ஒன்று இயங்க மறுத்தால், காரணத்தை எப்படி அறிவது என்ற பழைய கேள்வி எழுகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறியும் வழிகளான அளவைகள் பத்தை எண்ணி, அவற்றைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என்னும் மூன்றில் அடக்குகிறது.

காண்டல் எளிது: சுவிட்ச், பின்புற ஒயர், மின்விசிறி. சிக்கல் கருதலில்தான். கணினியின் விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு. எரியாததால் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, விளக்கே பழுதாகியிருக்கலாம். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பிலோ நெருப்பிருந்தும் புகையில்லை என்று நியாய நூலார் காட்டியது இதையே.

எனவே மாற்றிப் பார்க்க வேண்டும். ஐயத்துக்குரிய ராம் நினைவகத்தைக் கழற்றி நல்லதொன்றைப் பொருத்தினால் கணினி இயங்குகிறது, இது அந்வயம், அதாவது ஒன்று இருக்க மற்றதும் இருத்தல். பழையதை மீண்டும் பொருத்தி, நிற்கிறதா என்று பார்ப்பது வெதிரேகம், அதாவது ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லாமை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் செய்வதில்லை. தூசி படிந்த முனைகள் கழற்றி மாட்டியதிலேயே சரியாகியிருக்கலாம். பஞ்சு பறக்கும் ஊரில் இதை மறந்தால் குற்றமற்ற ராம் குப்பைக்குப் போகும்.

தாய்ப்பலகையின் பீப் ஒலி உரையின் பாற்படும். ஆனால் அதன் பொருள் கணினியைத் தொடக்கும் பயாஸ் மென்பொருளின் தயாரிப்பாளருக்கேற்ப மாறும்; கையேடு வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கணினி நின்றால் பூஜையில் குறை தேடுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பூஜை நன்றி சொல்லும் செயல். பழுதின் காரணத்தை அது விளக்காது. பூஜைக்காகத் துடைத்தபோது தளர்ந்த ஒயரை முதலில் பார்ப்பதே முறை.