ஜாம்பவானின் பங்கு

சுசீந்திரத்துக்குத் தெற்கே, பொற்றையடியை அடுத்து மருத்துவாழ்மலை என்றொரு மலை இருக்கிறது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது அதிலிருந்து உதிர்ந்து விழுந்த துண்டு அது என்று நாஞ்சில் நாட்டுக் குழந்தைகளுக்குப் பாட்டிமார் சொல்லுவார்கள். கதை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் கதையின் ஒரு பகுதியை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அனுமார் ஏன் மலையைத் தூக்கினார்? எது மூலிகை என்று அவருக்கு அடையாளம் அகப்படவில்லை. வால்மீகி இன்னும் ஒருபடி மேலே போய், தேடி வந்தவரைக் கண்டதும் மூலிகைகள் தங்களை மறைத்துக்கொண்டன என்கிறார். பலசாலி வேறு என்ன செய்வார்? மொத்தமாகப் பெயர்த்துவிட்டார்.

அப்படியானால் இன்ன மலையில் இன்ன மூலிகை இருக்கிறது, அது இன்ன காரியத்துக்கு உதவும் என்று சொன்னது யார்? ஜாம்பவான். வயோதிகர், அம்பு தைத்துக் கண் மங்கிக் களத்தில் கிடந்தவர். வழி சொன்னவர் அவர், கொண்டுவந்தவர் அனுமார். சுசீந்திரம் கோயிலில் அனுமார் விசுவரூபமாக நிற்கிறார். வெண்ணெய் சாத்துகிறோம், வடைமாலை போடுகிறோம். ஜாம்பவானுக்கு யாரும் அரைப்பலம் வெண்ணெய் சாத்தி நான் பார்த்ததில்லை.

வடசேரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்ததோடு அந்தச் சாஸ்திரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்ட எனக்கு, இன்று அதில் தெரிந்ததெல்லாம் சாயங்கால நடையில் அவர் சொல்லித் தந்ததுதான். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது சிரித்தார். “அனுமார் கையிலே ஒரு குரோமட்டோகிராப் இருந்திருந்தா மலை தப்பிச்சிருக்கும்வே!”

அது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. நோயைத் தணிப்பது அவற்றில் ஒன்றாக இருக்கலாம், நாலைந்து சேர்ந்தும் இருக்கலாம். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, சாராய வகைகளில் ஊறவைத்துச் சாரம் இறக்குகிறார்கள். இதுவரை நம் வீட்டுக் கஷாயத்துக்கும் பரிசோதனைச் சாலைக்கும் பெரிய பேதமில்லை. வித்தை இதற்குப் பிறகுதான். ஸ்வெட் என்ற ருஷ்ய தாவர சாஸ்திரி இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புப் பொடியை அடைத்து மேலிருந்து இலைச்சாற்றை ஊற்றினார். சாறு இறங்க இறங்க, பச்சை ஒரு வளையமாகவும் மஞ்சள் ஒரு வளையமாகவும் பிரிந்து நின்றன. பொடியோடு ஒட்டும் ஆசை ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் அளவு. அதிகம் ஒட்டுவது பின்தங்குகிறது, ஒட்டாதது முந்தி ஓடுகிறது. இதற்கு 1906-ல் அவர் ‘வண்ண எழுத்து’ என்று பொருள்படும் குரோமட்டோகிராபி என்ற பெயரை வைத்தார். ஸ்வெட் என்ற அவருடைய பெயருக்கே ருஷ்ய மொழியில் வண்ணம் என்றுதான் அர்த்தம். நாவலில் இப்படி ஒரு பெயர் வைத்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பிரிந்துவந்த பொருளை அடுத்தபடியாக எடைபோடுகிறார்கள். தராசில் அல்ல, ஒரு மூலக்கூறை மின்னேற்றி, உடைத்து, துண்டுகளின் எடையை அளக்கும் யந்திரத்தில். பின்னர் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் வானொலி அலைக்கு எப்படிப் பதில் சொல்லுகின்றன என்று கேட்கிறார்கள். ஒவ்வோர் அணுவும் தன் அண்டைவீட்டுக்காரரைப் பொறுத்துச் சற்று வேறு சுருதியில் பதில் சொல்லுகிறதாம். அக்கம்பக்கத்தை விசாரித்து ஆளைத் தெரிந்துகொள்ளும் இந்த உபாயம் கதை எழுதுகிறவனுக்குப் புதிதல்ல. ஆனால் சில மில்லிகிராம் பொருளிலிருந்து அதன் முழு உருவத்தையும் வரைந்துவிடுகிறார்களே, அது வியப்புத்தான். அந்த வியப்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

வடசேரி நகைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். கோயில் விக்கிரகங்களுக்கும் பரதம் ஆடுகிற பெண்களுக்கும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி எல்லாம் இங்கிருந்து போகின்றன. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. நகைப்பட்டறையில் உரைகல் ஒன்று இருக்கும். பொன்னை அதில் உரைத்தால் எத்தனை மாற்று என்று அது சொல்லிவிடும். யாருடைய பொன் என்று சொல்லாது. அது உரைகல்லின் குற்றமல்ல. அந்தக் கேள்வி வேறு இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி. ரசாயனப் பரிசோதனையைப் பற்றி எனக்குள்ள சங்கடமும் இதுவே.

சர்ப்பகந்தி என்ற செடியின் வேரைப் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் வைத்தியர்கள் வெகுகாலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931-ல் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தம்மை இந்த வேலையில் இறக்கிவிட்ட யூனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கான் அதற்கு நாலு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். சித்திக்கி அந்தப் பொருளுக்கு அஜ்மலைன் என்று பெயரிட்டார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல், அதே வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் சஞ்சிகையில் எழுதினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியார் ரிசர்பைனைப் பிரித்தார்கள். உலகமெங்கும் மாத்திரை விற்றது. அந்தச் செடியின் சாஸ்திரப் பெயரோ, பதினாறாம் நூற்றாண்டில் கிழக்கத்திய நாடுகளில் பிரயாணம் செய்த ரௌவொல்ஃப் என்ற ஜெர்மானியரின் பெயர். அஜ்மலைன் என்ற ஒரு சொல்லில் உள்ள பண்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஹக்கீமுக்கும் முன்னால் அந்த வேரைத் தோண்டிக் காட்டிய பெயரில்லாத ஆள் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? செத்துப்போன கடன்காரரைத் தேடி எங்கே போவது என்று அதை விட்டுவிடலாம்.

கடன்காரர் உயிரோடு கண்ணெதிரே நிற்கும்போது?

1987 டிசம்பரில் அகத்தியர் மலைக் காட்டுக்குள் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் போனார்கள். வழிகாட்ட வந்தவர்கள் காணிக்காரர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிக்காரர்களோ களைப்பே இல்லாமல், அவ்வப்போது ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் சோர்வு விட்டது. என்ன காய் என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாதது என்றார்கள். பிறகு, துஷ்பிரயோகம் செய்யமாட்டோம் என்ற வாக்கின் பேரில் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. காட்டு நிழலில் தரையோடு வளரும் சிறு செடி.

ஜம்முவில் அதை ஆராய்ந்தார்கள். ரிசர்பைன்போல ‘இதுதான்’ என்று விரல்வைக்க ஒற்றைப் பொருள் கிடைத்துவிடவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் புரதத் துணுக்கும் சேர்ந்த ஒரு பகுதியில் வீரியம் இருக்கக் கண்டார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில் அதன் இலையோடு வேறு மூன்று சரக்குகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்று மருந்து செய்தார்கள். அந்த மூன்றும் அமுக்கராங்கிழங்கு, திப்பிலி, விஷ்ணுகிராந்தி. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சாமான்கள். 1995-ல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழு வருஷத்துக்கு உரிமை கொடுத்து, 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கும் வாங்கினார்கள். அதில் சரிபாதி காணிக்காரர்களுக்கு என்று தீர்மானித்தார்கள். உள்நாட்டில் அப்படிக் கொடுக்கச் சொல்லி அன்று சட்டமில்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002-ல்தான் வந்தது. ஆகவே இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்ததாகச் சொல்ல முடியாது. உலகமே இதைப் பாராட்டியது.

பேராசிரியருக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. “ஓய், மாட்டுக்குந்தான் எந்தப் புல்லைத் திங்கணும், எதை ஒதுக்கணும்னு தெரியுது. வயித்து நோவு கண்ட நாய் அருகம்புல்லைத் தேடித் திங்குது. அதுக்கு ராயல்டி குடுப்பீரா?” என்றார்.

“மாட்டுகிட்ட கேட்டா ‘சொல்லமாட்டேன்’னு சொல்லுமா, சார்?” என்றேன்.

இது வாதத்துக்காகச் சொன்னதல்ல. மறுக்கக்கூடியவன் கொடுப்பதுதான் கொடை. காணிக்காரர்கள் மறுத்தார்கள்; பிறகு யோசித்துக் கொடுத்தார்கள். அந்தச் சில நிமிஷத் தயக்கத்தில்தான் முழுப் பாத்தியதையும் இருக்கிறது. பார்த்துக் கற்றுக்கொண்டதற்கும் கேட்டு வாங்கிக்கொண்டதற்கும் வித்தியாசம் உண்டு.

அவர் விடவில்லை. “இலைக்குள்ள இருக்க சாதனத்தைக் காணிக்காரனா வச்சான்? எங்க ஆளுகளும் வைக்கல்ல. பிறகு என்ன பாத்தியதை?”

பழையாற்றுத் தண்ணீரையும்தான் யாரும் வைக்கவில்லை. ஆனாலும் கடைமடை வயல்காரனுக்குப் பாத்தியதை இல்லை என்று நாஞ்சில் நாட்டில் ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட முடியுமா? இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அவரும் வயல்காரர்தான்.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் தள்ள முடியவில்லை. ‘நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும், மேல்நாட்டான் திருடிக்கொண்டு போகிறான்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஈஸ்வரமூலியை நினைத்துப் பார்க்கவேண்டும். வேலியில் படரும் கொடி. பாம்புக்கடிக்கு மருந்து என்று பேர்பெற்றது. அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தை மெல்ல அழிக்கும், புற்றுநோய் உண்டாக்கும். 1990-களில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. பலனென்றால் மறுநாளே தெரியும். பத்து வருஷம் கழித்து வரும் கேட்டை எந்த வைத்தியரின் ஞாபகமும் மருந்தோடு முடிச்சுப்போட்டுவிடாது. அதற்கு உரைகல் வேண்டும். ஆகவே பரிசோதனைச் சாலையே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. சீனாவில் து யூயூ என்ற அம்மையார், 1,600 வருஷத்துக்கு முந்திய வைத்திய நூலில் அந்த மூலிகையைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருக்கிறது என்பதைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்துக் குறைந்த வெப்பத்தில் சாரம் இறக்கி, மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டார். 2015-ல் நோபல் பரிசு வந்தது. பழைய நூலும் புதிய குழாயும் ஒன்றையொன்று அவமதிக்காமல் வேலைசெய்தால் இப்படி நடக்கும்.

காணிக்காரர் கதையும் இப்படி அழகாக முடிந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்கமாட்டேன். 1995-லேயே காணி வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர், எங்கள் வித்தையைக் கம்பெனிக்கு விற்கக்கூடாது என்று கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். விலை போதாது என்பது அவர்கள் வழக்கு அல்ல. விற்பதே கூடாது என்பது வழக்கு. காய் தின்ன எல்லாருக்கும் தெரியும். வைத்தியம் பிலாத்திக்குத்தான் பாத்தியம். அப்படியிருக்க, கூடப்போன வழிகாட்டிகளின் வாய்ச்சொல் குலத்துக்கே கட்டுமா? கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒரு பங்காளி கையெழுத்திட்ட பத்திரம் எப்படிப்பட்டது என்று வக்கீல் வீட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த வழிகாட்டிகளை நான் குறைசொல்லமாட்டேன். மலையேறிக் களைத்த மனிதனுக்குத் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது மனிதத்தன்மை. அந்த ஈகையைத் தாங்கும்படி பத்திரத்தை எழுதியிருக்கவேண்டியவர்கள் படித்தவர்கள்.

பணம் போய்ச்சேரவும் நாளாயிற்று. வாங்கிக்கொள்ளக் காணிக்காரர்களுக்கு ஒரு சங்கமில்லை. 1997 நவம்பரில் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல்தான் 5 லட்சத்துச் சொச்சம் கைமாறியது. இலையைப் பறித்து விற்கப்போனால் வனத்துறை மறித்தது. காடு சர்க்காருடையது, இலை காட்டினுடையது. இலையைப் பற்றிய அறிவு மட்டும் காணிக்காரனுடையது என்று ஒரு பாகப்பிரிவினை!

அகத்தியர் மலையின் தெற்குச் சரிவு நம்முடைய ஜில்லாவுக்குள் இறங்குகிறது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த அணைத் தண்ணீரில்தான் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைகின்றன. 1956 நவம்பர் 1-ந் தேதி வரை மலையின் இரு பக்கமும் ஒரே ராஜ்யமாக இருந்தது. அன்று கோடு கிழித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. காணிக்காரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆனார்கள். பாட்டன்மார் ஒருவரே, செடியும் ஒன்றே. 1997-ல் பதிவான அந்த அறக்கட்டளையின் பெயரில் முதல் சொல் ‘கேரள’ என்பது.