காணா நெறியும் கற்றோர் கடனும்

அறிவு வளரும் நெறி இரண்டு. முன்னோர் கண்ட பொருளைப் பயின்று காத்தல் ஒன்று. முன்னோர் காணாததையும், அவர் கண்டும் பின்னோர் மறந்ததையும் தேடிச் சேறல் மற்றொன்று. முன்னதற்கு ஆசிரியர் உளர். ஐயம் அறுப்பார் உளர். பின்னதற்கோ வழியும் இல்லை, வழித்துணையும் இல்லை. ஆகலின் அந்நெறிச் செல்வார்க்குத் துணிவு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். துணிவொன்றே அமையுமோ, அதனினும் இன்றியமையாத பண்பு வேறொன்று உண்டோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானநூலார் ஸ்கியாபரெல்லி என்பார், செவ்வாய்க் கோளின்மீது கோடுகள் போன்ற சிலவற்றைக் கண்டதாக எழுதினார். அமெரிக்க நாட்டுச் செல்வராகிய பெர்சிவல் லோவெல் அச்செய்தியில் ஈடுபட்டு, 1894இல் அரிசோனாவில் தம் பொருட்செலவிலேயே ஒரு வானாய்வுக்கூடம் நிறுவினார். ஆண்டுகள் பல கண் துஞ்சாது நோக்கினார். அக்கோடுகள் அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்களே எனத் துணிந்து 1895, 1906, 1908ஆம் ஆண்டுகளில் நூல்களும் வெளியிட்டார். 1965ஆம் ஆண்டில் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படங்களை அனுப்பிற்று. அவற்றில் பள்ளங்கள் இருந்தன, கால்வாய்கள் இல்லை. லோவெல் வீண்முயற்சியினர் அல்லர். அவர் நிறுவிய கூடத்திலேதான் 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. துணிவும் உழைப்பும் பொருளும் அவர்பால் நிறைந்திருந்தன. எனினும் செவ்வாயைப் பொறுத்தவரை அவர் தேடச் சென்றாரல்லர். தாம் முன்னரே கொண்ட முடிபினைக் காணச் சென்றார். தம் உள்ளத்தில் இருந்ததையே வானத்தில் கண்டார்.

இதற்கு மாறான செயல் ஒன்று காண்க. ஒளி பரவுதற்கு ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்துள்ளது எனச் சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட பூதநூலார் நம்பினர். நிலவுலகு அதனூடே செல்லுதலை அளந்தறியக் கருதி, மைக்கெல்சன், மார்லி என்னும் இருவர் 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரில் ஒரு சோதனை செய்தனர். பாதரசத்தின்மேல் மிதக்கும் பெருங்கற் பலகையில் கருவியை அமைத்து, திசைதோறும் திருப்பி ஒளியை நோக்கினர். எதிர்பார்த்த மாறுபாட்டில் இருபதில் ஒரு கூறும் புலப்படவில்லை. தாம் நம்பிய கொள்கைக்கு அது மாறாகும் என்பதை அவர் அறிவர். அறிந்தும், கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவ்வாறே வெளியிட்டனர். மைக்கெல்சன் ஈதர்க் கொள்கையை எளிதில் கைவிட்டாரல்லர். ஆயினும் தம் விருப்பம் தம் அளவுகோலைத் தொடுதற்கு அவர் இடந்தரவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரை வேண்டாது தம் கொள்கையை நிறுவியபின், அந்த 'இல்லை' என்னும் விடை எத்துணைப் பெரிய உடைமை என்பதை உலகம் உணர்ந்தது.

பூதநூலிற் கண்ட இவ்வுண்மை மொழியாராய்ச்சியினும் விளங்கும். கிரீட் தீவில் சர் ஆர்தர் எவான்ஸ் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளின் எழுத்தை அரை நூற்றாண்டாக எவரும் படித்திலர். 1936ஆம் ஆண்டில் அவ்வேடுகளைக் கண்ட மைக்கேல் வெண்ட்ரிஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவர், அவற்றைப் படித்தலையே தம் வாழ்வின் வேட்கையாகக் கொண்டார். அவ்வெழுத்தின் மொழி, இத்தாலியில் வழங்கி மறைந்த எத்ருஸ்க மொழிக்கு இனமானது என்பது அவர் துணிபு. 1940இல் அங்ஙனமே எழுதினார். ஆலிஸ் கோபர் என்னும் அமெரிக்க அம்மையாரோ, இன்ன மொழி என எதனையும் முன்னரே கொள்ளாமல், குறிகள் வரும் முறையை மட்டும் பொறுமையுடன் பட்டியலிட்டு, சொல்லீறுகள் திரிதலை எடுத்துக்காட்டி, 1950இல் மறைந்தார். அந்நெறியைப் பற்றி மேற்சென்ற வெண்ட்ரிஸ், 1952இல் அம்மொழி பழைய கிரேக்கமே எனக் கண்டார். அவர் விரும்பிய விடை அஃதன்று. பல்லாண்டு போற்றிய தம் கொள்கையை அது தகர்ப்பது. எனினும் அதனையே ஏற்று உலகிற்கு அறிவித்தார். எழுத்தைப் படித்தது அவர் அறிவின் ஆற்றல். தம் கருத்தை விடுத்தது அவர் ஒழுக்கத்தின் ஆற்றல். பின்னது இன்றேல் முன்னது பயன்பட்டிராது.

கடல் கடந்த நாட்டார்க்கே இப்பண்பு உரியதன்று. 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீப்பு சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்த அவர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் எடுத்துரைத்தார். முதலியார் அவற்றால் நிறைவுறாது, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். படித்ததில்லை என்பதே விடை. அந்நூலைக் கையிற்கொண்டு பார்த்தபொழுது, அத்துணைக் கல்விக்கும் எட்டாத சொல்லும் மரபும் அதன்கண் நிறைந்திருந்தன. அதனைப் பிற சமய நூல் என ஒதுக்கியிருத்தல் எளிது. சைவ மரபுக்கு ஏற்பப் பொருள் புனைந்திருத்தலும் எளிது. அவர் இரண்டும் செய்திலர். அவ்வூர்ச் சமணர்பாற் சென்று, அவர்தம் கொள்கைகளை அவர் வாயிலாகவே கேட்டறிந்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னர்ப் பௌத்த நூற்பொருளையும் அங்ஙனமே ஆராய்ந்து 1898இல் மணிமேகலையை வெளியிட்டார். ஆசிரியராய் அமர்ந்தவர் மீண்டும் மாணாக்கராயினார். அதனாலன்றோ தமிழகம் தான் இழந்த செல்வத்தை எய்திற்று!

அற்றேல், ஒரு சமயத்தில் உறுதியுடையார்க்கு இது பொருந்துமோ? 'அறியேன்' என்று பழகியவன் இறுதியில் எதனையும் பற்றாது அலைவனன்றோ எனின், அன்று. அறியாததை அறியேன் என்றல் வேறு. அறிந்ததை ஐயுறல் வேறு. காலூன்ற நிலம் உடையவனே கையை நீட்டித் துழாவ வல்லன். சாமிநாதையர் சமண நூலையும் பௌத்த நூலையும் பதிப்பித்தமையால் அவர்தம் சிவபத்தி குன்றிற்றில்லை. பிறர் பொருளைத் தன் பொருளாகத் திரிக்கும் ஆவல் உறுதியால் வருவதன்று. உறுதியின்மையை மறைக்கும் அச்சத்தால் வருவது.

சைவ நன்மக்கள் தம்மைத் தாமே அளந்துகொள்ளுதற்கு உரிய இடம் ஒன்றுண்டு. 1924இல் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகிற்கு அறிவித்தார். மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றில் விலங்குகள் சூழக் கொம்பணிந்து அமர்ந்திருக்கும் உருவத்தைச் சிவபிரானது பழைய வடிவம் என அவர் 1931இல் வெளிவந்த நூலிற் கருதினார். சைவர் உள்ளம் மகிழ்ந்தது இயல்பே. ஆயினும் பின்வந்த அறிஞர் பலர் அக்கருத்தை ஐயுற்றனர். அம்முத்திரைகளின் எழுத்தோ யாவரும் ஒப்பும் வகையில் இன்னும் படிக்கப்படவில்லை. தொடர்கள் பெரும்பாலும் ஐந்தாறு குறிகளே உடையன. தெரிந்த மொழியொன்றுடன் இணைத்தெழுதிய கல்வெட்டும் கிடைத்திலது. திராவிட மொழியே அஃது என்பார்க்கும் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை ஆராய்தல் வேண்டும். ஆயின் தத்தம் மொழியையும் சமயத்தையும் அதனுள் பெய்து, படித்துவிட்டோம் என ஆர்ப்பரித்தல் லோவெல் கண்ட கால்வாயையே காண்டலாகும். ஐராவதம் மகாதேவன் அக்குறிகளையெல்லாம் தொகுத்து நிரல்படுத்தி 1977இல் வெளியிட்ட நூல் எக்கொள்கையினர்க்கும் பயன்படுவது. வழியில்லா நிலத்தில் முதற்கண் செய்யத்தகும் பணி அத்தகையதே. சிவபிரான் பெருமை ஒரு முத்திரையால் நிலைபெறுவதன்று; அவ்வுருவம் பிறிதெனத் தெளியப்படினும் அது குறைவதும் அன்று. இதனை உணர்ந்த சைவர் உண்மை எதுவாயினும் அஞ்சாது ஏற்பர்.

இருள் பிற பொருள்களை மறைப்பினும் தான் இருத்தலையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது சித்தாந்தம். அறியாமை இருளை ஒப்பது. அதனுள் நிற்பவன் விளக்கினைத் தேடுவான். அறிந்தேன் என்னும் செருக்கோ தான் இருப்பதையே அறியவொட்டாது. அதனுள் நிற்பவனுக்கு விளக்கு வேண்டும் என்னும் நினைவும் தோன்றாது. ஆகலின் காணா நெறியிற் செல்வார்க்குத் துணிவினும் சிறந்த துணை, 'இதனை யான் அறியேன்' எனத் தன் நெஞ்சறியக் கூறும் வாய்மையே. துணிவு வாயில்வரை கொண்டு செல்லும்; வாயிலைத் திறப்பது அவ்வாய்மை.