பிறர் உடைமையும் பரன் பூசையும்

பிறர்க்குரிய பொருளாற் செய்யும் வழிபாடு வழிபாடாகுமா என்னும் வினா, சைவ நன்மக்கள் பலகால் எதிர்ப்பட்டும் விரைவிற் கடந்து போவதொன்று. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வார்க்கு இது சேய்மைக்கண் உள்ள வினாவன்று. ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று புட்டுத் திருவிழாக் கண்டு மகிழும் நாம், அத்திருவிளையாடற்கு அடியாய் நின்றது ஒரு கணக்கு வழக்கு என்பதை நினைப்பதில்லை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை கொள்ளக் கொடுத்த பொருள் திருப்பெருந்துறையிற் சிவப்பணியாயிற்று. பொருளுக்குடையவன் அதனைக் கேட்டான். அவன் கேட்டது முறையா, முறையன்றா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. வாதவூரடிகள் மேற் குற்றங் கூறுதல் எம் கருத்தன்று. அவர் பெயரை முன்னிட்டுப் பிறர் தத்தம் குற்றத்தை மறைத்தலே எம்மை இதனை எழுதத் தூண்டியது.

இவ்வினாவை யூத சமயத்தார் மிக நுணுகி ஆராய்ந்துளர். அவர் நமக்கு முற்றும் அயலாரல்லர். கொச்சியில் 1568-ஆம் ஆண்டில் அவர் எடுத்த தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. அவர்தங் கூடாரத் திருநாளிற் பேரீச்சங் குருத்தினைப் பிற தழைகளோடும் ஒரு கனியோடும் கையிலேந்தி இறைவனைப் போற்றுதல் விதி. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் அவர்தம் நூல், களவாடிய குருத்தால் அவ்விதி நிறைவேறாது என்று கூறும். குருத்து வாடவில்லை, முறிந்திலது, ஏந்தியவன் அன்பிற் குறைந்தானுமல்லன். எனினும் அச்செயல் வழிபாடாகாது.

அற்றேல், உலகனைத்தும் இறைவன் உடைமையாகலின் அவன்பொருட்டு எடுத்தது களவாதல் யாங்ஙனம்? இத்தடையை அவர் அறியாதவரல்லர். தால்முத் நூல் இதற்கு ஓர் உவமை கூறும். அரசனொருவன் சுங்கச் சாவடி வழியே சென்றான். தன் ஏவலரை நோக்கிச் சுங்கம் செலுத்துமின் என்றான். சுங்கமெல்லாம் நும்முடையதன்றோ என்று அவர் வினவ, வழிப்போக்கர் எல்லாரும் என்னைக் கண்டு சுங்கத்தை ஏய்க்காதிருக்கக் கற்கட்டும் என்று அவன் விடை பகர்ந்தான். எல்லாம் தன்னுடைமையாயினும், ஒருவன்பாற் கவர்ந்ததைத் தனக்குப் படைத்தலை இறைவன் வெறுப்பன் என்பது இதன் கருத்து. இன்னும், ஆண்டிற்கொருமுறை அவர் நோற்கும் பாவநிவாரணத் திருநாள் இறைவற்குச் செய்த பிழையையே தீர்க்கும். பிறனுக்குச் செய்த பிழை, அவனை அடைந்து மனந்தணிவித்தாலன்றித் தீராது என்பதும் மிஷ்னாவின் துணிபு. நாள் முழுதும் உண்ணாதிருந்தாலும் அண்டை வீட்டான் கடன் அப்படியே நிற்கும்.

இனி நம் நூல்களுக்கு வருவோம். சைவ சித்தாந்தத்தில் இதற்கு இடமில்லை என்று ஒரு சாரார் கூறுவர். என்னை? சிவன்பால் அன்புடையார் செய்த பாதகமும் நன்மையாயிற்று, அன்பிலார் செய்த நன்மையும் தீமையாயிற்று என்று சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் கூறினாராகலின், அன்பொன்றே அமையும், ஒழுக்கம் பின்னது என்பது அவர் கொள்கை.

அவர் காட்டும் அத்திருவிருத்தத்தை யாமும் தலைமேற் கொள்கின்றேம். ஆயின் ஆசிரியர் ஆண்டு எடுத்துக்காட்டியது யாது? தீமையாய் முடிந்த நன்மைக்குச் சான்றாகத் தக்கன் வேள்வியைக் காட்டினார். வேள்வியாவது ஒரு கிரியை. வாய்மை சொன்னான் ஒருவன் தீமையுற்றான் என்றோ, வறியார்க்கு ஈந்தான் ஒருவன் அழிந்தான் என்றோ ஆசிரியர் கூறிற்றிலர். ஆகவே அத்திருவிருத்தம் ஒழுக்கத்தை இழித்ததென்றல் பொருந்தாது; உள்ளீடற்ற சடங்கையே இழித்தது. அன்றியும், அதே சூத்திரத்தில் இறைவன் பணித்த அறங்களை அடுக்குமிடத்து ஒழுக்கத்தை முதற்கண் வைத்து, வாய்மையை இடையே நிறுத்தி, அருச்சனையை ஈற்றயலிற் கூறுகின்றார். வைப்பு முறை ஒன்றாலேயே பொருளைத் துணிதல் ஆகாதெனினும், வாய்மையை விலக்கி அருச்சனையை மட்டும் கொள்வார்க்கு அது துணையாகாமை தெளிவு.

சண்டேசுர நாயனார் திறமோ எனின், சேக்கிழார் பெருமான் எத்துணை விழிப்போடு அதனைக் கூறினாரென்பது கருதற்பாலது. சேய்ஞலூரிற் பிறர் ஆக்களின் பாலைக் கொண்டே பிள்ளையார் மண்ணியாற்று மணலிற் பூசை செய்தார். அப்பசுக்கள் தாமே சொரிந்தனவென்றும், உடையவர் மனைக்குரிய பால் குறைபடவில்லையென்றும் சேக்கிழார் காட்டுகின்றார். பிறர் உடைமை ஒரு பொருட்டன்று என்பது அவர் கருத்தாயின், இதனை ஓதவேண்டிய கடப்பாடென்ன? தந்தையின் தாளை வெட்டிய செயலிலும் பிள்ளையார் தமக்கென ஓர் ஊதியம் கருதிற்றிலர். தம்மையே மறந்து நின்றார். ஊதியத்தை எண்ணிப் பார்க்க நேரமுடையான் எவனும் சண்டேசுரரைத் துணைக்கழைத்தல் தகாது.

இனிக் குதிரைப் பொருளை நோக்குவாம். குருந்த மரத்தடியிற் குருவடிவைக் கண்டு தம்வயமிழந்த வாதவூரர், தம்பால் உள்ளதெல்லாம் சிவனுக்கும் அடியார்க்கும் ஆக்கினர். பாண்டியன் ஓலை போக்கினான். அப்போது இறைவன், கோயிலாயிற்று, அதனால் வழக்குத் தீர்ந்தது என்று விடை கூறுமாறு ஏவிற்றிலன். குதிரை வருமென்று சொல்லுக எனப் பணித்தான். அடியவன்மேல் நின்ற கடனைத் தானே ஏற்றான் என்பது இதனாற் பெறப்படும்.

நரியைப் பரியென்று கொடுத்தது கடனிறுத்தலாகுமா? அன்றிரவே அவை மீட்டும் நரியாகி இலாயத்திலிருந்த பழங் குதிரைகளையும் கடித்தனவன்றோ? இது வலிய தடையே. உரைகாரர் சிலர்போல இதனைக் காணாதார் போன்று செல்லுதல் எமக்கு உடன்பாடன்று. கதை ஆண்டு முடிந்திருப்பின் வழக்கு பாண்டியன் பக்கமே நிற்கும். ஆயின் பரஞ்சோதி முனிவர் அதனை ஆண்டு முடித்திலர். வாதவூரர் வையை மணலிற் சுடுவெயிலில் நிறுத்தப்படுகின்றார், வையை பெருகுகின்றது, கரையடைக்க ஊரார்க்கெல்லாம் பங்கு அளந்து விடப்படுகின்றது. சுற்றமற்ற கிழவி வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளைப் பங்கினின்றும் நீக்க இறைவனால் இயலாதா? நீக்கவில்லை, அவளிடம் புட்டைக் கூலியாகப் பெற்று அவள் பங்கைத் தான் சுமந்தான். சுமந்த வேலையும் முற்றாதபோது அரசன் கைப் பிரம்படியைத் தன் முதுகில் ஏற்றான். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது என்பதனையே பேசிப் பேசி வியக்கும் நாம், அடி எதற்கு விழுந்தது என்பதை வினவுவதில்லை. கூலி பெற்று வேலை செய்யாமைக்கு அது விழுந்தது. அடித்தவனைக் கரையிலே தண்டித்தான் என்னும் பேச்சுப் புராணத்தில் இல்லை. பின்னரே பாண்டியன் உண்மையுணர்ந்து அடிகளை வணங்கினான். பொருளுக்குடையவன் மனம் இசைந்த பின்னரே வழக்கு ஒழிந்தது.

இவ்வூர் வணிகராகிய மூர்த்தி நாயனாரையும் ஈண்டு நினைக. சந்தனம் கிடையாதவாறு வடுகக் கருநாடர் மன்னன் தடுத்தபோது, அவர் பிறர் வீட்டுச் சந்தனத்தை நாடிற்றிலர். தம் முழங்கையைக் கல்லில் வைத்துத் தேய்த்தார். கையோ அவருடையது.

இவ்வளவும் விரித்தது ஏட்டாராய்ச்சி விருப்பினாலன்று. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுது, நெல்லளக்காது பல போகம் கடத்தி, அதே கோயிலில் திருவிழா உபயம் செய்து பரிவட்டம் பெறுவாரை நாம் கண்டுளேம். வேலையாள் கூலியை நிறுத்திக்கொண்டு மடத்து மாகேசுர பூசைக்கு மூட்டை மூட்டையாய் அரிசி விடுப்பாரையும் கண்டுளேம். மடங்களில் இதனை வினவுவாரில்லை; அரிசி நல்ல அரிசிதானே என்பர். மிஷ்னாவின் பேரீச்சங் குருத்தும் வாடாத குருத்தே.

வினவின் கொடை குறையுமே என்பார் உளர். குறையுமாயின் எவ்வளவு குறையுமென்பதே நாம் முதலில் அறியவேண்டியது. யாரிடம் கவர்ந்தோமென்பது தெரியாத பொருளை என் செய்வது என்பாரும் உளர். அவர் வினா நேர்மையான வினா. பல பேர்பால் சிறிது சிறிதாகக் கவர்ந்த மேய்ப்பர்க்கும் வரி தண்டுவார்க்கும் தால்முத் இதற்கு விடை வகுத்துளது. உடையவரை அறிந்தமட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு ஊர்ப் பொதுவிற்குப் பயன்படும் கிணறும் வாய்க்காலும் அமைத்திடுக என்பது அவ்விடை. இழந்தவனோ அவன் மக்களோ ஒருநாள் அந்நீரை அருந்தக் கூடுமன்றோ? அவ்விடை கோபுரத்தைக் கூறவில்லை என்பதை நோக்குக. தூர்ந்த ஊருணிகளும் கண்மாய்களும் மதுரைச் சுற்றுப்புறத்தில் இல்லாமற் போகவில்லை.