துடுப்புப் பிடித்தவர் யார்?

போர் முடிந்துவிட்டது, பகை ஒழிந்துவிட்டது. அரியணை உண்டு, அருகே மனைவி உண்டு, ஆட்சியை ஏற்க மகன் உண்டு. ஆயினும் அந்த முதிய மன்னனின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. கரையிலே நின்று கடலைப் பார்க்கிறான். உடல் தளர்ந்துவிட்டது, ஆவல் தளரவில்லை. காணாத நாடு இன்னும் உண்டு, கல்லாத பொருள் இன்னும் உண்டு, மூச்சு உள்ளவரை தேடுவேன் என்று முழங்குகிறான்.

அவனே யுலிசீஸ், கிரேக்கர் ஒடிசியஸ் என்று அழைத்த கதை வீரன். டிராய் நகரை வீழ்த்த மரக்குதிரைச் சூழ்ச்சி வகுத்தவன். பத்தாண்டு போரிட்டு, பத்தாண்டு கடலில் அலைந்து, இத்தாக்கா என்னும் தன் தீவுக்குத் திரும்பியவன். திரும்பிய பிறகும் மீண்டும் புறப்படத் துடிக்கும் அவனை 70 வரிகளிலே தீட்டிக் காட்டினார் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன். 1833இல் எழுதப்பட்டு, 1842இல் நூலில் வெளிவந்த அக்கவிதை இன்றும் கல்லூரிகளிலே கற்பிக்கப்படுகிறது.

இளைஞர் உள்ளத்தை அது ஈர்ப்பதிலே வியப்பில்லை. வயதாகிவிட்டது, இனி வழிபாடே நம் வேலை என்று மூலையிலே முடங்குபவனல்லன் யுலிசீஸ். மறுமை இன்பம் வேண்டி மண்டியிடுபவனல்லன். சாவு எல்லாவற்றையும் முடித்துவிடும் என்பதை அறிந்தவன், அறிந்தும் அஞ்சாதவன். தெய்வங்களோடு மல்லுக்கு நின்றவர்கள் நாம் என்று தோழர்களிடம் பெருமிதத்தோடு பேசுபவன். வீட்டுத் தெய்வங்களுக்கு உரிய பூசனையை மகனின் பொறுப்பிலே விட்டுவிட்டு, மனித எண்ணம் எட்டாத எல்லைக்கு அறிவைத் தேடிப் போகிறவன். பகுத்தறிவுப் பாதையிலே நடப்போருக்கு இப்படிப்பட்டவன் தலைவனாகத் தோன்றுவது இயல்புதானே!

கவிதை பிறந்த கதையும் உருக்கமானது. 1833 செப்டம்பரில், டென்னிசனின் ஆருயிர் நண்பர் ஆர்தர் ஹாலம் வியன்னா நகரிலே திடீரென மாண்டார். நண்பருக்கு வயது 22. கவிஞருக்கு வயது 24. சாவுச் செய்தி வந்து சில வாரங்களுக்குள் இக்கவிதையை எழுதினார் டென்னிசன். அழுது புலம்பி அழிந்துபோவதற்கு மாறாக, எழுந்து நட என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக் கொண்ட இளைஞனின் குரல் அது. அந்த உறுதியை நாம் குறை கூறவில்லை, கூறவும் கூடாது.

ஆனால், கவிதையைப் போற்றுவது வேறு. கவிதையிலே பேசுபவனைக் கண்மூடிப் பின்பற்றுவது வேறு. காவிய வீரன் என்றதும் கைகட்டி நிற்பது நம் வழக்கமல்லவே! ஆகவே அவன் பேச்சை முதல் வரியிலிருந்து ஆராய்ந்து பார்ப்போம்.

யுலிசீஸ் வாய் திறந்ததும் சொல்வது என்ன? கடலின் அழைப்பா? அறிவின் பெருமையா? இரண்டும் அல்ல. தன் குடிமக்களைப் பற்றிய இகழ்ச்சி! அவர்கள் பண்படாதவர்களாம், பொருளைச் சேர்த்து வைக்கவும், உறங்கவும், உண்ணவும் மட்டுமே அறிந்தவர்களாம், தன் அருமையை அறியாதவர்களாம். முதல் ஐந்து வரிகளுக்குள் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. மனைவியைப் பற்றிய பேச்சும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இருபது ஆண்டு காத்திருந்தவள் பெனலோப். மணம் பேச வந்து மாளிகையை மொய்த்த கூட்டத்தைத் தன் மதியால் தடுத்து நிறுத்தியவள். அவளுக்குக் கவிதையிலே பெயர்கூட இல்லை. முதுமையடைந்தவள் என்ற அடைமொழி மட்டும் உண்டு!

நாம் கேட்கிறோம்: அறிவைத் தேடுபவனுக்கு, அறியாதவரை இகழும் உரிமை உண்டா?

இத்தாக்கா மக்கள் அறியாதவர்களாகவே இருக்கட்டும். அது யார் குற்றம்? மன்னன் இருபது ஆண்டு மண்ணிலே இல்லை. வந்தபின் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தது என்ன? நகரங்கள் பல கண்டேன், பழக்கவழக்கங்கள் பல கண்டேன், ஆட்சிமுறைகள் பல கண்டேன் என்று அவனே பட்டியல் இடுகிறான். அவற்றிலே ஒன்றாவது அந்தத் தீவின் உழவனுக்கும் ஆட்டிடையனுக்கும் பயன்பட்டதா? கவிதையிலே விடை இல்லை. பெட்டிக்குள் பொன்னைப் பூட்டி வைப்பவனுக்குக் கஞ்சன் என்று பெயர். மண்டைக்குள் அறிவைப் பூட்டி வைப்பவனுக்கு மட்டும் மாவீரன் என்ற பட்டமா? மக்கள் சேர்த்து வைக்கிறார்கள் என்று பழித்தவன், தானும் சேர்த்துத்தான் வைத்தான்!

ஹோமரின் பழங்காவியங்களைப் புரட்டினால் கேள்வி மேலும் கூர்மையாகிறது. டிராய்க்குச் சென்ற ஒடிசியசின் கப்பல்கள் 12. அவற்றில் சென்று ஊர் திரும்பியவன் ஒருவனே, அவன் மன்னன்! பதினொரு கப்பல்கள் ஒரே துறைமுகத்தில், மனிதரைத் தின்னும் அரக்கர்களால் நொறுக்கப்பட்டன. ஒற்றைக்கண் அரக்கனின் குகையிலே அறுவர் இரையாயினர். அந்த அறுவர் மாண்டது ஏன்? கிடைத்த பாலாடைக் கட்டிகளை எடுத்துக்கொண்டு உடனே போய்விடலாம் என்று தோழர்கள் மன்றாடினர். குகைக்கு உரியவனைப் பார்க்க வேண்டும், அவன் தரும் விருந்துப் பரிசைப் பெற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான் தலைவன். அறியும் ஆவல் தலைவனுக்கு. அதன் விலையோ தோழர்களுக்கு! அவர்கள் சொல்லைக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பின்னாளில் அவனே ஒப்புக்கொள்கிறான்.

அந்த உண்மையை அவன் முகத்துக்கு நேரே சொன்னவன் ஒருவன் உண்டு. யூரிலோக்கஸ் என்பது அவன் பெயர். இவனுடைய துணிச்சலால் அல்லவா நம்மவர் குகையிலே மாண்டனர் என்று கேட்டான். கேட்டவன் உறவினன், இருந்தும் அவன் தலையைக் கொய்யவே எண்ணினான் ஒடிசியஸ். மற்றவர் தடுத்ததால் பிழைத்தான்.

இலியட் காவியத்திலே தெர்சைட்டீஸ் என்னும் படைவீரன் வருகிறான். மன்னன் அகமெம்னன் பொன்னையும் பெண்ணையும் குவித்துக்கொள்ள நாம் ஏன் மடிய வேண்டும், வீடு திரும்புவோம் என்று அவையிலே எழுந்து கேட்டான். அவன் முதுகிலே செங்கோலால் அடித்தவனும் இந்த ஒடிசியஸ்தான். அடிபட்டவன் அழுதான், அவை சிரித்தது. டிராய்க்கு வந்தவர்களிலேயே மிக அழகற்றவன் என்று அவனைக் காட்டுகிறார் ஹோமர். கேள்வி கேட்டவனுக்குக் கோணல் உடல், அடித்தவனுக்கு வீரப் பட்டம். காவியங்களின் நீதி அப்படி!

இன்னொன்றையும் நோக்குக. துணைவர் அனைவரும் மாண்டபின் தனியனாக ஊர் வந்தவன் ஒடிசியஸ் என்பது ஹோமர் கதை. அப்படியாயின் டென்னிசனின் கவிதையிலே, என்னோடு உழைத்த தோழர்களே வாருங்கள் என்று அவன் யாரை அழைக்கிறான்? அந்தக் காட்சிக்கு வித்து இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நூலிலே உள்ளது. அதில் யுலிசீஸ் வீடு திரும்பவே இல்லை. எஞ்சிய சில தோழர்களைச் சொல்லால் மயக்கி, ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால் அழைத்துச் செல்கிறான். கப்பல் எல்லாரோடும் மூழ்குகிறது. வஞ்சக யோசனை கூறியோர் வரிசையிலே வைத்து, நரகத் தீயிலே அவனை நிறுத்துகிறார் தாந்தே. நரகம் என்பதிலே நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அவர் தொடுத்த வழக்கிலே பொருள் உண்டு. இனிய சொல்லால் பிறரைச் சாவுக்கு அழைத்துச் செல்பவன், அச்சொல்லுக்குப் பொறுப்பாளி அல்லனா?

இவையெல்லாம் பழங்கதை, இன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். கவிதை வெளிவந்த காலத்து இங்கிலாந்தைப் பார்ப்போம். 1842 மே மாதம். வாக்குரிமை வேண்டி 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு நாடாளுமன்றத்துக்கு வந்தது. சாசன இயக்கத்தார் என்று பெயர் பெற்ற தொழிலாளர்களின் மனு அது. அதை ஏற்க 49 பேர். எதிர்க்க 287 பேர். எதிர்த்துப் பேசியவருள் ஒருவர், இந்தியக் கல்வித் திட்டத்தோடு பெயர் பிணைந்துள்ள மெக்காலே. கல்வியற்ற மக்கள் கையிலே அதிகாரம் சேர்ந்தால் சொத்துக்கும் நாகரிகத்துக்கும் கேடு என்பது அவர் வாதம். கற்க வாய்ப்பும் தரவில்லை. கல்லாதவர் என்று வாக்கும் தரவில்லை! பத்து வயது நிரம்பாத சிறுவரையும் பெண்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் வந்ததே அந்த ஆண்டிலேதான். கவிதைக்கும் மனுவுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. ஆனால், மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற பேச்சு அரியணையிலிருந்து வரும்போது, அது யாருக்குப் பயன்படும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டுகிறது.

இனி, கவிதை எழுதப்பட்ட 1833ஆம் ஆண்டைப் பார்ப்போம். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நெசவாலைகளிலே வேலைக்கு வைக்கலாகாது, அதற்கு மேற்பட்ட சிறுவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளிப் படிப்பு வேண்டும் என்று இங்கிலாந்திலே சட்டம் ஆயிற்று. நாடு முழுவதற்கும் மேற்பார்வையாளர் நால்வரே. சிறிய சட்டம், ஏய்ப்பதற்கு ஓட்டைகள் நிறைந்த சட்டம். ஆயினும் ஒரு கதவு திறந்தது. எந்தக் கவிஞனும் அந்த நால்வரைப் பாடவில்லை!

இந்த இடத்திலேதான் கவிதையில் வரும் மகன் டெலிமாக்கஸ் நம் கண்ணிலே படுகிறான். முரட்டு மக்களைப் பொறுமையோடு, படிப்படியாக, பயனுள்ள வாழ்வுக்கும் நல்வாழ்வுக்கும் கொண்டுவரும் பொறுப்பு அவனுக்கு. தந்தை அவனைப் பாராட்டத்தான் செய்கிறான். ஆனால் அந்தப் பாராட்டிலே வெப்பம் இல்லை. அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு என்று முடித்துவிட்டுக் கப்பலைப் பார்க்கத் திரும்பிவிடுகிறான். ஹோமரின் டெலிமாக்கஸ், அடிமைப் பெண்கள் பன்னிருவரைத் தூக்கிலிட்டவன். அவனை நாம் போற்றவில்லை. டென்னிசன் அவன் கையிலே கொடுத்த வேலையைப் போற்றுகிறோம். அலையோடு மோதுவது வீரம் என்றால், அறியாமையோடு நாள்தோறும் மோதுவது அதனினும் பெரிய வீரம் அல்லவா?

எல்லாரும் ஊரிலேயே இருந்து எழுத்து கற்பித்துக் கொண்டிருந்தால் புதிய கரையைக் காண்பது யார் என்று மறுத்துரைப்போர் உண்டு. நியாயமான கேள்வி. புறப்படாதே என்று நாம் சொல்லவில்லை. தேடல் இல்லையேல் அறிவு தேங்கிவிடும். நாம் கேட்பது வேறு. கண்டதைக் கொண்டுவந்து பகிர்ந்துகொள். துடுப்புப் பிடித்தவரின் பெயரைச் சொல். கரையிலே நிற்பவரைக் கீழோர் என்று எண்ணாதே.

தென்துருவம் சென்று திரும்பும் வழியிலே, 1912இல், ஸ்காட்டும் துணைவர் நால்வரும் பனியிலே மடிந்தனர். 1913இல் அவர்களுக்காக அண்டார்க்டிகாவில் ஒரு குன்றின்மேல் நாட்டப்பட்ட மரச் சிலுவையிலே, டென்னிசன் கவிதையின் கடைசி வரியைப் பொறித்தனர். அந்த வரியோடு ஐந்து பெயர்களும் பொறிக்கப்பட்டன. தலைவர் ஸ்காட்டின் பெயர் மட்டுமல்ல. ஐவருள் பதவியிலே தாழ்ந்தவரான மாலுமி எட்கர் எவன்சின் பெயரும் அங்கே உண்டு. 70 வரிக் கவிதையிலோ ஒரு மாலுமிக்கும் பெயரில்லை. கவிதை மறந்ததை அந்த மரச் சிலுவை நினைவில் வைத்தது.

தோழர்களே! இக்கவிதையை வகுப்பிலே விளக்கும்போது நமக்கு எழும் அச்சம் ஒன்று உண்டு. கல்லூரி வாயிலைத் தாண்டிய இளைஞன், நாலு நூல் படித்ததும், ஊர்த் திண்ணையிலே அமர்ந்திருப்பவரைப் பார்த்து, இவர்களுக்கு என்ன தெரியும் என்கிறான். மூடநம்பிக்கையைச் சாடக் கிளம்பியவன், மூடநம்பிக்கையால் ஏமாற்றப்பட்டவனையே சாடத் தொடங்கிவிடுகிறான். தாயத்துக் கட்டிய தாயைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தத் தாய் விற்ற நகையிலேதான் தான் படித்தோம் என்பதை மறக்கிறான். அவனும் ஒரு யுலிசீஸ்தான். அவன் படிப்பு என்னும் கப்பலுக்கும் துடுப்புப் பிடித்தவர்கள் உண்டு. அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள்; ஏறிச் செல்ல இடமின்றிக் கரையிலேயே நிற்பவர்கள்.

அறியாமையைப் பகை, அறியாதவனைப் பகைக்காதே. பகுத்தறிவு என்பது பிறரினும் நாம் உயர்ந்தவர் என்று காட்டும் பட்டயமல்ல. பிறருக்கு நாம் தீர்க்க வேண்டிய கடன். யுலிசீசிடமிருந்து தளராத நெஞ்சைக் கற்றுக்கொள்வோம். அவன் இகழ்ச்சியைக் கரையிலேயே விட்டுவிடுவோம். கடலுக்குச் செல்வோர் செல்லட்டும். ஆனால், கப்பல் திரும்பும்போது அதிலே இத்தாக்காவுக்குச் சரக்கு இருக்க வேண்டும்.