கேட்டது யார்?

அஞ்சல் துறையில் 36 ஆண்டு வேலை பார்த்தவனுக்கு விலாசம் என்றால் தனி மரியாதை. மயிலாடுதுறையில் நான் தபால் பையோடு திரிந்த காலத்தில் ஒரே கதவு எண்ணுக்குள் மூன்று நான்கு குடித்தனம் இருக்கும். மாடி, பின்கட்டு, திண்ணை அறை என்று. குடியிருப்பவர்களுக்குக் கடிதம் வீட்டுக்காரர் பெயரைத் தாங்கி ‘கேர் ஆஃப்’ என்றுதான் வரும். வாசலில் அவரிடம் கொடுத்துவிட்டு நான் சைக்கிளை மிதிப்பேன். உள்ளே பிரித்துக் கொடுப்பது அவர் பாடு.

2006 டிசம்பரில் என் வீடும் அப்படி ஒரு வீடாயிற்று. விடுமுறைக்கு வந்த மகன், பிளஸ் டூ படிக்கும் தங்கைக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். இணைய இணைப்பு கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. அதில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகி, ஜன்னல் வழியாக அவள் அறைக்குக் கேபிள் இழுத்தான். சாதாரணக் கேபிள் இல்லை, கிராஸ் கேபிள். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கிற இடத்தில் மறுமுனையில் பச்சை ஜோடி. “இதோட வாய் அதோட காதுக்குப் போகணும்ப்பா. ரெண்டு வாயையும் நேருக்கு நேர் கட்டினா ஒண்ணும் நடக்காது” என்றான். 30 வருட இல்லறத்தில் இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிறகு இணைப்பைப் பகிர விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். 1999-ல், விண்டோஸ் 98-ன் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்ட வசதியாம். கூடத்துக் கம்ப்யூட்டருக்கு உள்வீட்டு எண் 192.168.0.1, மகளுடையதற்கு அதே வரிசையில் வேறொன்று.

“இந்த நம்பர் வேற எந்த வீட்டுக்கும் கிடையாதில்லையா?”

“ஊர் ஊரா, வீட்டுக்கு வீடு இதே நம்பர்தான்ப்பா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே விலாசம் ஊரெல்லாம் இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? அவன் பொறுமையாக விளக்கினான். இணையத்தில் எண் மொத்தமே சுமார் 430 கோடிதான், உலகத்துக்குப் போதாது. அதனால் சில வரிசைகளை வீட்டுக்குள் மட்டும் புழங்க ஒதுக்கிவிட்டார்கள். 1996-லேயே விதி எழுதியாயிற்று. அந்த எண்கள் வாசற்படி தாண்டினால் செல்லாது. மகள் எதையாவது கேட்டால், கூடத்துக் கம்ப்யூட்டர் அவளுடைய எண்ணை அழித்துவிட்டு, வெளியுலகம் அறிந்த தன் எண்ணைப் போட்டு அனுப்பும். அனுப்புமுன் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும்: உள்ளே இன்ன எண், இன்ன போர்ட், இன்னாரிடம் கேட்டது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்துக் கேட்டவருக்கே கொடுக்கும். யாரும் கேட்காமல் வருவதை வாசலிலேயே போட்டுவிடும். உள்ளே இருவர் இருப்பது வெளியே தெரியாது.

கேர் ஆஃப்! என் தொழில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததோடு நிற்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்திருந்தேன். அந்தச் சமயம் நடந்துகொண்டிருந்த பாடம், வினை எப்படிச் செய்தவனை அடைகிறது என்பது. சமணர் சொல்வது எளிது: வினை நுண்ணிய பொருளாகி உயிரிலேயே ஒட்டிக்கொள்ளும், கொண்டுசேர்க்க ஆள் வேண்டாம். மீமாம்சகர் சொல்வது இன்னொரு வகை: செயல் முடிந்தாலும் அதிலிருந்து அபூர்வம் என்றொரு ஆற்றல் பிறந்து, காலம் வரும்போது பலனைத் தரும், கடவுள் தேவையில்லை. சித்தாந்தம் இரண்டையும் ஏற்காது. வினை சடம். அதற்கு அறிவில்லை. செய்தவன் யார், எந்தப் பிறவியில் எந்த உடம்பில் இருக்கிறான் என்று அதற்கு எப்படித் தெரியும்? அறிந்து கூட்டுவிக்க ஒருவன் வேண்டும். எனக்கு இந்த வாதம் முதல் நாளே பிடித்துப்போனது. கடிதத்துக்குக் கால் கிடையாது என்று 36 ஆண்டு அனுபவத்தில் அறிந்தவன் நான்.

மகனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். “அந்தப் பெட்டிக்கு யாருன்னே தெரியாதுப்பா. அதுவும் சடம்தான். ஆனா பலன் சரியா போய்ச் சேருதே. அட்டவணை போதும், ஆள் வேண்டாம்.”

“அட்டவணையை எழுதினவன் ஒருத்தன் இருக்கானில்ல?”

“எழுதினான். எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டான். உள்ள உட்கார்ந்து பார்த்துக்கிட்டா இருக்கான்?”

பொறியியல் படிக்கிற பயல் மீமாம்சகனாக எதிரே நிற்பான் என்று நான் நினைக்கவில்லை. சிவஞான சித்தியார் என்ற சைவ நூலின் பரபக்கப் பகுதியில் 14 மதங்களை எடுத்து மறுத்திருக்கிறார் அருணந்தி சிவம்; ஒரு டிக் போட்டு இயங்கும் மதத்துக்கு நான் எங்கே போய் மறுப்புத் தேடுவது? வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். “உவமையை ரொம்பத் தூரம் ஓட்டாதீர்” என்றார். பதில் அல்ல என்றாலும் நல்ல அறிவுரை. நான் கேட்கவில்லை.

ஜனவரியில் பில் வந்தது. மாதம் ஒரு ஜிபி வரை கட்டணத்துக்குள்; தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று கணக்கு. வழக்கமாக 500 சொச்சம் கட்டுபவனுக்கு 1,900 ரூபாய்க்கு மேல். கேபிள் வந்த மாதம். பில் ஏறிய மாதம். யாரைச் சந்தேகிப்பது என்று யோசிக்கவே இல்லை. மகள், “நான் பாடம் தவிர எதுவும் பார்க்கலைப்பா” என்றாள். பெட்டியிடம் கேட்கலாமென்றால் அந்த அட்டவணை வேலை முடிந்த சில நிமிடங்களில் அழிந்துவிடுமாம். கேட்டவருக்குக் கொடுத்தாயிற்று, கேட்டது யார் என்ற சுவடே இல்லை. வெளியே இருப்பவர்களுக்கோ ஒரே வீடு, ஒரே எண், என் பெயர். பணம் கட்டினேன். கிராஸ் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிப் பரணில் எறிந்தேன். பிளஸ் டூ பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் குற்றத்துக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

மகன் ஊருக்குப் போயிருந்தான். மீமாம்சகனும் இல்லாத வீட்டில் நானே கூட்டுவிப்பவனாக இருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து வகுப்புக்குக் கிளம்பும்போது சித்தியார் புத்தகத்துக்குள் ஒரு தாள். மகள் கையெழுத்து. இணைய நிறுவனத்தின் பக்கத்தில் எங்கள் கணக்கின் பயன்பாடு நாள், நேரம் வாரியாகத் தெரியுமாம். தோழி வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறாள். டிசம்பர் 16, 4.30 முதல் 6.30. டிசம்பர் 17, 4.30 முதல் 6.30. வரிசையாக மார்கழி முழுக்க, விடியற்காலை. அடியில் ஒரு சின்னக் கணக்கு: 64 கிலோபிட் பாட்டு, மணிக்குச் சுமார் 29 எம்பி, தினம் இரண்டு மணி, 30 நாள், 1.7 ஜிபி. வேறு ஒன்றும் எழுதவில்லை.

மார்கழியில் நான் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தேவாரம் கேட்பேன். ஓதுவார் பாடியதை இணையத்தில் வைத்திருந்தார்கள். டவுன்லோட் செய்தால்தான் கணக்கு, கேட்பதற்கு என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். நல்வினையும் விலங்குதான், தீவினை இரும்பு என்றால் இது பொன், அவ்வளவே வித்தியாசம் என்று வகுப்பில் தலையாட்டியவன் நான். பொன் விலங்கின் எடையை எம்பியில் நிறுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

மகனுடைய கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அட்டவணை, கேட்டவன் யார் என்பதைப் பிசகாமல் அறியும். கேட்டவனுக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று தெரிந்திருந்ததா என்பது அதற்கு அக்கறையில்லை. தெரியாமல் செய்ததையும் தெரிந்து செய்ததையும் ஒரே வரிசையில்தான் அது எழுதும். என் மகள் அப்படி எழுதவில்லை. அவளிடம் முழு அட்டவணையும் இருந்தது. அதை அவள் அம்மாவிடமோ அண்ணனிடமோ காட்டவில்லை, நான் மட்டும் திறக்கும் புத்தகத்தில் வைத்தாள். கூட்டுவிப்பவன் அறிவுடையவனாக இருக்க வேண்டும் என்று சித்தாந்தம் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தானோ என்று நான் நினைப்பதுண்டு. சரியான கதவுக்குக் கொண்டுபோவதற்கு நான் போதும், பெட்டியும் போதும்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். கேபிளின் ஒரு முனையில் கிளிப் உடைந்திருந்தது, நான் எறிந்த வேகத்தில். கடைத்தெருவில் ஒரு பையன் ஆரஞ்சும் பச்சையும் மாற்றிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான், 20 ரூபாய். ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏதோ செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு ஃபோல்டர், உள்ளே வரிசையாகப் பதிகங்கள்.

“எல்லாத்தையும் ஒரு தடவை இறக்கி வெச்சிட்டேன்ப்பா. இனிமே தினம் இதுலயே கேளுங்க. நெட்டே வேண்டாம்.”